பேட்மேன் தழுவல்கள்

பேட்மேன் தழுவல்கள் என்பன, இன்று டிசி காமிக்ஸ் என அழைக்கப்படும் அமெரிக்க நிறுவனம் 1939 முதல் வெளியிட்டுவரும் பேட்மேன் வரைகதைகளை அடிப்படையாகக் கொண்டு உருவான திரைப்படங்கள், தொலைக்காட்சித் தொடர்கள், அசைவூட்டத் தொடர்கள், நிகழ்பட விளையாட்டுகள் ஆகியவற்றைக் குறிக்கும். மீநாயகர் கதைகளுள் மிக அதிகமாகத் தழுவப்பட்டவற்றுள் இதுவும் ஒன்றாகும். ஒவ்வொரு புதிய தழுவல் வெளிவரும்போதும் அது மூல வரைகதைக்கு நேர்மையாக உள்ளதா என்னும் கேள்வியை இரசிகர்கள் எழுப்புவது வழக்கம். ஆனால் பேட்மேனைப் பொறுத்தவரை மூலம் எது, தழுவல் எது என்று பிரித்துக் காட்டுவது எளிதன்று. இன்று வரைகதையின் பிரிக்க முடியாத பகுதிகளாகக் கருதப்படும் பல கூறுகள் திரைக்காக உருவாகிப் பின்னர் வரைகதைக்குள் நுழைந்தவை ஆகும்.

தோற்றமும் படைப்புரிமையும்

பேட்மேன் முதன்முதலில் 1939 மே மாதத்திய டிடெக்டிவ் காமிக்ஸ் 27-ஆம் இதழில் தோன்றினார். இதனை உருவாக்கியவர் ஓவியர் பாப் கேன் என்றே நீண்ட காலம் அச்சிடப்பட்டு வந்தது. உண்மையில் எழுத்தாளர் பில் ஃபிங்கரின் பங்கு இதில் மிகப் பெரியது. தலையை மூடும் முகமூடி, இறக்கை போன்ற மேலங்கி, கையுறை, அடர்ந்த நிறம் ஆகியன அவருடைய யோசனைகள். புரூஸ் வேய்ன் என்ற இயற்பெயரும் கோத்தம் என்ற நகரப் பெயரும் அவர் இட்டவையே. எனினும் பதிப்பகத்துடன் கேன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி படைப்பாளர் என்ற இடத்தில் கேனின் பெயர் மட்டுமே இடம்பெற்றது. ஃபிங்கர் 1974-இல் காலமானார்.

வாழ்நாளில் பேட்மேன் தொடர்பான திரைப் படைப்பில் அவருடைய பெயர் எழுத்தாளராக இடம்பெற்றது 1966-ஆம் ஆண்டுத் தொலைக்காட்சித் தொடரின் இருபகுதிக் கதை ஒன்றில்தான். தாமே உருவாக்கிய உலகத்திற்கு, மற்றொருவரது படைப்பைத் தழுவி எழுதுபவர் போல அவர் எழுத நேர்ந்தது. 1989-ஆம் ஆண்டுத் திரைப்படத்திலும் அதன் தொடர்ச்சிகளிலும் கேனின் பெயர் மட்டுமே காட்டப்பட்டது. ஃபிங்கருக்கு உரிய இடத்தைத் தராதது பற்றிக் கேன் தமது தன்வரலாற்றில் வருத்தம் தெரிவித்துள்ளார். எழுத்தாளர் மார்க் டைலர் நோபல்மேன் பல ஆண்டுகள் தேடி ஃபிங்கரின் பேத்தியைக் கண்டறிந்தார். 2012-இல் ஃபிங்கரைப் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். இம்முயற்சிகளின் பின்னர் 2015 செப்டம்பரில் ஃபிங்கருக்குப் படைப்பாளர் தகுதி வழங்கப்படும் என்று டிசி அறிவித்தது. 2016-இல் வெளியான பேட்மேன் வி சூப்பர்மேன் திரைப்படத்தில் கேனுடன் ஃபிங்கரின் பெயரும் திரையில் தோன்றியது. அப்போது அவர் இறந்து 42 ஆண்டுகள் ஆகியிருந்தன.

தொடர்படங்கள்

முதல் திரைத் தழுவல் கொலம்பியா நிறுவனம் 1943-இல் வெளியிட்ட 15 பகுதிகள் கொண்ட தொடர்படம் ஆகும். இவ்வகைப் படங்கள் வாரத்திற்கு ஒரு பகுதியாகத் திரையரங்குகளில் காட்டப்பட்டன. லூயிஸ் வில்சன் பேட்மேனாக நடித்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் எடுக்கப்பட்டதால் இதில் பேட்மேன் அரசின் இரகசிய முகவராகவும், எதிரி ஒரு சப்பானிய உளவாளியாகவும் காட்டப்பட்டனர். சப்பானியர் மீதான இனவெறுப்பு இதில் வெளிப்படையாக இருப்பதால் இன்று இதனைப் பார்ப்பது பலருக்கும் சங்கடமாக இருக்கும்.

ஆயினும் வரைகதைக்கு இத்தொடர்படம் தந்தவை நிலைத்துவிட்டன. பேட்மேனின் நிலவறைக் குகை முதலில் இங்குதான் இடம்பெற்றது. அதுபோலவே, வரைகதையில் பருத்த உடலுடன் அறிமுகமாகியிருந்த பணியாளர் ஆல்ஃபிரெட், திரையில் அவ்வேடம் ஏற்ற வில்லியம் ஆஸ்டினைப் போல மெலிந்த உடலும் மெல்லிய மீசையும் உடையவராக 1944-இல் மாற்றி வரையப்பட்டார். இன்று ஆல்ஃபிரெடைப் பருமனாகக் காட்டினால் அது மூலத்திலிருந்து விலகல் என்றே இரசிகர்கள் கருதுவர். 1949-இல் வெளிவந்த இரண்டாவது தொடர்படம் அந்த அளவுக்குத் தடம் பதிக்கவில்லை.

1966 தொலைக்காட்சித் தொடர்

ஏபிசி தொலைக்காட்சியில் 1966 சனவரி முதல் 1968 மார்ச் வரை 120 பகுதிகளாக ஒளிபரப்பான தொடரில் ஆடம் வெஸ்ட் பேட்மேனாகவும், பர்ட் வார்ட் இராபினாகவும் நடித்தனர். தயாரிப்பாளர் வில்லியம் டோசியர் இதனை நகைச்சுவையாகவே அமைத்தார். கதாநாயகன் எவ்வளவு அபத்தமான சூழலிலும் முகம் மாறாமல் நீதி உரைப்பதும், சண்டைக் காட்சிகளில் அடியின் ஓசை எழுத்துகளாகத் திரையில் பாய்வதும் இதன் அடையாளங்கள்.

இத்தொடர் பேட்மேனை உலகறியச் செய்தது. அதேவேளை தீவிர வரைகதை இரசிகர்களுள் ஒரு சாராருக்கு இது அவமதிப்பாகத் தோன்றியது. அவர்களுள் ஒருவர் அப்போது சிறுவனாக இருந்த மைக்கேல் உசுலான். பேட்மேனை இருண்ட, தீவிரமான பாத்திரமாகத் திரையில் காட்ட வேண்டும் என்று அப்போதே உறுதி பூண்டதாக அவர் பின்னாளில் கூறியுள்ளார். இந்தியானா பல்கலைக்கழகத்தில் வரைகதைகளைப் பற்றிப் பாடம் நடத்திய இவர், 1979-இல் பெஞ்சமின் மெல்னிக்கர் என்பவருடன் சேர்ந்து திரைப்பட உரிமையைப் பெற்றார். அது படமாக மேலும் பத்து ஆண்டுகள் ஆயின.

உசுலான் போன்றோர் வெறுத்த இத்தொடரும் வரைகதையை மாற்றியமைத்தது. காவல் ஆணையர் கோர்டனின் மகள் பார்பரா கோர்டன் பேட்கேர்ள் ஆக வரைகதையில் 1967 சனவரி இதழில் அறிமுகமானார். தொலைக்காட்சித் தொடருக்கு ஒரு பெண் பாத்திரம் வேண்டும் என்று டோசியர் கேட்டதே அதற்குக் காரணம். 1959-இல் மிஸ்டர் சீரோ என்ற பெயரில் வந்து மறக்கப்பட்டிருந்த பனித் துப்பாக்கி எதிரிக்கு மிஸ்டர் ஃப்ரீஸ் என்ற பெயரைத் தந்ததும் இத்தொடரே.

இரசிகர் வாக்கெடுப்பு

1988-இல் டிசி நிறுவனம் இரண்டாவது இராபினான ஜேசன் டாட் வாழ வேண்டுமா, சாக வேண்டுமா என்பதைத் தொலைபேசி வாக்கெடுப்புக்கு விட்டது. அழைப்பு ஒன்றுக்கு 50 சென்ட் கட்டணம். இறக்க வேண்டும் என 5,343 வாக்குகளும், வாழ வேண்டும் என 5,271 வாக்குகளும் பதிவாயின. 72 வாக்குகள் வித்தியாசத்தில் அச்சிறுவன் ஜோக்கரால் கொல்லப்பட்டான். ஒருவரே பலமுறை அழைக்கத் தடை இல்லாததால் இதனை இரசிகர்களின் கருத்து என்று கொள்ளலாமா என்பது ஐயத்திற்குரியது. 2005-இல் ஜேசன் வரைகதையில் உயிருடன் திரும்பினான். இந்த நிகழ்வின் நிழல் பின்னர் விளையாட்டுகளிலும் விழுந்தது.

திரைப்படங்கள்

டிம் பர்டன் இயக்கிய பேட்மேன் 1989 சூன் 23 அன்று வெளியானது. நகைச்சுவை நடிகராக அறியப்பட்ட மைக்கேல் கீட்டன் தேர்வு செய்யப்பட்ட செய்தி வெளியானதும், மீண்டும் 1966-ஆம் ஆண்டு போன்ற கேலிப் படம் வரப்போகிறது என அஞ்சிய இரசிகர்கள் வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்திற்கு ஏறத்தாழ 50,000 கடிதங்கள் அனுப்பியதாகக் கூறப்படுகிறது. படம் வெளிவந்த பின் கீட்டன் மீதான எதிர்ப்பு அடங்கியது. மாறாக, புரூஸின் பெற்றோரைக் கொன்றவன் ஜோக்கரே எனக் கதையை மாற்றியது குறித்த வாதம் நீடித்தது. வரைகதையில் கொலையாளி ஜோ சில் என்னும் சாதாரணக் குற்றவாளி. யாரோ ஒருவன் காரணமின்றிச் செய்த கொலை என்பதில்தான் பேட்மேனின் துயரம் உள்ளது என்போர் இம்மாற்றத்தை ஏற்பதில்லை. இங்கு இரசிகர்களின் முறையீட்டில் நியாயம் உண்டு. பழிவாங்கி முடிக்கத்தக்க எதிரி ஒருவன் இருந்தால், பேட்மேன் அதற்குப் பிறகும் இரவுதோறும் வெளியே செல்வதற்குக் காரணம் குறைந்துவிடுகிறது. வரைகதையும் இம்மாற்றத்தை ஏற்றுக்கொள்ளவில்லை.

ஜோயல் ஷூமாக்கர் இயக்கிய பேட்மேன் அண்ட் ராபின் (1997) கடும் கண்டனத்திற்கு உள்ளாகி, இத்திரைப்பட வரிசையை எட்டு ஆண்டுகள் நிறுத்திவைத்தது. கிறிஸ்டோபர் நோலனின் மூன்று படங்கள் (2005, 2008, 2012) அதனை மீட்டன. இரண்டாவது படமான தி டார்க் நைட்டில் ஜோக்கராக ஹீத் லெட்ஜர் நடிக்கிறார் என்ற அறிவிப்பும் முதலில் கீட்டனுக்கு நேர்ந்தது போன்ற எதிர்ப்பையே சந்தித்தது. படம் வெளிவரும் முன்பே காலமான அவருக்குச் சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கர் விருது வழங்கப்பட்டது. 2022-இல் மேட் ரீவ்ஸ் இயக்கத்தில் இராபர்ட் பாட்டின்சன் நடித்த தி பேட்மேன் வெளியானது.

அசைவூட்டத் தொடர்

1992 செப்டம்பர் 5 அன்று ஒளிபரப்பைத் தொடங்கிய பேட்மேன்: தி அனிமேட்டட் சீரீஸ், 85 பகுதிகளைக் கொண்டது. புரூஸ் டிம், எரிக் ரடோம்ஸ்கி ஆகியோர் இதனை உருவாக்கினர். பின்னணிக் காட்சிகள் வெள்ளைத் தாளுக்குப் பதிலாகக் கருப்புத் தாளில் வரையப்பட்டதால் நகரம் முழுவதும் இருளிலிருந்து எழுவது போலத் தோன்றும். கெவின் கான்ராய் புரூஸுக்கு ஒரு குரலும் பேட்மேனுக்கு வேறொரு குரலும் கொடுத்துப் பேசினார். மார்க் ஹாமில் ஜோக்கருக்குக் குரல் தந்தார். வரைகதையைப் படிக்கும்போது இவ்விருவர் குரலே மனத்தில் ஒலிப்பதாகக் கூறும் இரசிகர்கள் பலர்.

பால் டினி எழுதிய ஹார்ட் ஆஃப் ஐஸ் என்னும் பகுதி, மிஸ்டர் ஃப்ரீஸை நோயுற்ற மனைவி நோராவைக் காக்க முயன்று அனைத்தையும் இழந்த அறிவியலாளனாக மாற்றியது. வெறும் பனித் துப்பாக்கிக்காரனாக இருந்த ஓர் எதிரிக்கு இருபது நிமிடங்களில் ஒரு வாழ்க்கை கிடைத்தது. இதற்கு டினி எம்மி விருது பெற்றார். வரைகதையும், 1997-ஆம் ஆண்டுத் திரைப்படமும், பின்வந்த விளையாட்டுகளும் இக்கதையையே பின்பற்றின.

இத்தொடரின் மற்றொரு கொடை ஹார்லி குவின். 1992 செப்டம்பர் 11 அன்று ஒளிபரப்பான பகுதியில் ஜோக்கரின் கையாளாக அறிமுகமான இவருக்கு, டினியின் தோழியும் நடிகையுமான ஆர்லீன் சோர்கின் குரல் கொடுத்தார். பாத்திரத்திற்குத் தூண்டுதலாக இருந்தவரும் அவரே. 1994-இல் டினியும் டிம்மும் உருவாக்கிய மேட் லவ் என்னும் வரைகதை, மனநல மருத்துவராக இருந்த ஹார்லி ஜோக்கரிடம் மனம் பறிகொடுத்த கதையைச் சொன்னது. 1999-இல் அவர் டிசியின் முதன்மை வரைகதைத் தொடருக்குள் கொண்டுவரப்பட்டார். 2016 முதல் மார்கோ ராபி இவ்வேடத்தில் திரைப்படங்களில் நடித்தார்.

நிகழ்பட விளையாட்டுகள்

முதல் பேட்மேன் விளையாட்டு 1986-இல் பிரித்தானியாவில் ஜான் ரிட்மன் உருவாக்கியது. அக்காலத்து இல்லக் கணினிகளுக்கான இது, சாய்கோணத்தில் காட்டப்படும் அறைகளில் புதிர்களை விடுவித்துச் செல்லும் வகையைச் சேர்ந்தது. 1989-ஆம் ஆண்டுத் திரைப்படத்தை ஒட்டி சப்பானின் சன்சாஃப்ட் நிறுவனம் நிண்டெண்டோ கருவிக்கு வெளியிட்ட விளையாட்டு, படத்தின் கதையைப் பெரிதும் விட்டுவிட்டபோதும், சுவருக்குச் சுவர் தாவும் இயக்கத்தாலும் இசையாலும் இன்றும் நினைவுகூரப்படுகிறது. பின்வந்தவற்றுள் பேட்மேன் ஃபாரெவர் (1995), டார்க் டுமாரோ (2003) போன்றவை ஏமாற்றம் அளித்தன. யூபிசாஃப்ட் நிறுவனம் 2003-இல் வெளியிட்ட ரைஸ் ஆஃப் சின் சூ, விளையாட்டுக்கென்றே புதிய எதிரி ஒருவனைப் படைத்தது. புகழ்பெற்ற ஓவியர் ஜிம் லீ வரைந்தும் அவன் நிலைக்கவில்லை. திரையில் பிறந்த எல்லாமே வரைகதையில் வேர்விடுவதில்லை என்பதற்கு இது சான்று.

இந்நிலை 2009-இல் வெளிவந்த ஆர்க்கம் அசைலம் விளையாட்டுடன் மாறியது. இலண்டனைச் சேர்ந்த ராக்ஸ்டெடி நிறுவனம் அதற்கு முன் ஒரே ஒரு விளையாட்டைத்தான் வெளியிட்டிருந்தது. எந்தத் திரைப்படத்தையும் ஒட்டி உருவாகாததால் வெளியீட்டு நாளுக்காக அவசரப்பட வேண்டியிருக்கவில்லை. கதையைப் பால் டினி எழுத, கான்ராயும் ஹாமிலும் சோர்கினும் மீண்டும் குரல் கொடுத்தனர். எனவே இரசிகர்கள் இதனை 1992 தொடரின் வாரிசாகவே வரவேற்றனர்.

பேட்மேனின் இயல்பை விளையாடும் முறையாகவே மாற்றியது இதன் வெற்றிக்கு முதன்மைக் காரணம் எனலாம். பலர் சூழ்ந்து தாக்கும்போது அடிக்க ஒரு பொத்தான், எதிரடிக்கு ஒரு பொத்தான் என எளிதாக அமைந்த சண்டை, தாளம் தவறாமல் அழுத்துவோருக்கு நடனம் போல ஓடும். துப்பாக்கி ஏந்திய எதிரிகள் உள்ள அறைகளில் பேட்மேன் நேராக மோதினால் விரைவில் இறந்துவிடுவார். உயரத்தில் உள்ள சிற்பங்களில் மறைந்திருந்து ஒவ்வொருவராக வீழ்த்த வேண்டும். எஞ்சியிருப்போர் அச்சத்தில் நிலைகுலைவதை விளையாடுபவர் மேலிருந்து காணலாம். குற்றவாளிகளை அச்சுறுத்தவே வவ்வால் வேடம் என்ற 1939-ஆம் ஆண்டின் கருத்து இங்கு கைகளுக்கு எட்டும் அனுபவம் ஆகிறது. தடயங்களையும் எதிரிகளையும் சுவர் ஊடுருவிக் காட்டும் துப்பறியும் பார்வை மிகவும் பயனுள்ளதாக இருந்ததால், பலர் அதை அணைக்காமலேயே விளையாடி, அழகாக வடிக்கப்பட்ட காட்சிகளை நீல நிறத்திலேயே பார்த்து முடித்தனர் என்ற குறை எழுந்தது.

மருத்துவமனைத் தலைவரின் அறைச் சுவருக்குப் பின்னால் அடுத்த விளையாட்டின் வரைபடங்களைக் கொண்ட ஓர் இரகசிய அறை ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. மூலைமுடுக்கெல்லாம் தேடிய இரசிகர்களாலும் அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை. பல மாதங்களுக்குப் பின் ராக்ஸ்டெடியே அதனை வெளியிட நேர்ந்தது.

தொடர்ந்து ஆர்க்கம் சிட்டி (2011), வேறொரு குழு உருவாக்கிய ஆர்க்கம் ஆரிஜின்ஸ் (2013), ஆர்க்கம் நைட் (2015) ஆகியன வந்தன. ஆர்க்கம் நைட்டின் கணினிப் பதிப்பு கடுமையான இயக்கக் குறைகளால் விற்பனையிலிருந்து சில மாதங்கள் விலக்கிக்கொள்ளப்பட்டது. அதன் முகமூடி எதிரி, 1988-இல் வாக்கெடுப்பில் கொல்லப்பட்ட ஜேசன் டாட் என்பது கதையின் முடிச்சு. வரைகதை அறிந்தோர் பலர் இதனை முன்பே ஊகித்திருந்தனர். ஆர்க்கம் நைட் என்ற பெயரும் உருவமும் 2019-இல் வரைகதைக்குள் வந்தபோது, முகமூடிக்குப் பின்னால் வேறொருவர் இருந்தார்.

கெவின் கான்ராய் 2022 நவம்பர் 10 அன்று தமது 66-ஆம் வயதில் காலமானார். அவர் முன்பே பதிவு செய்திருந்த குரலுடன் சூசைட் ஸ்குவாட்: கில் த ஜஸ்டிஸ் லீக் என்னும் ராக்ஸ்டெடி விளையாட்டு 2024 பிப்ரவரியில் வெளியானது. இதில் எதிரியின் கட்டுப்பாட்டில் உள்ள பேட்மேனை ஹார்லி குவின் சுட்டுக் கொல்கிறார். ஆர்க்கம் தொடரின் நாயகனும், இறந்துபோன நடிகரின் குரலும் இவ்வாறு முடிவது பல இரசிகர்களிடையே கடும் கோபத்தை ஏற்படுத்தியது. சுடப்பட்டவர் உண்மையான பேட்மேன் அல்லர், ஒரு நகலே என்று 2025 சனவரியில் வெளியான இறுதிப் பகுதி தெரிவித்தது.