மைசூர்ப் போர்களில் நோயும் பட்டினியும்

ஹைதர் அலி, திப்பு சுல்தான் ஆகியோருக்கும் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் இடையே 1767 முதல் 1799 வரை நான்கு போர்கள் நடந்தன. அவற்றில் படைகளைத் தடுத்து நிறுத்தியதில் பீரங்கிக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அவ்வளவு பங்கு அரிசித் தட்டுப்பாட்டுக்கும் அம்மைக்கும் மாட்டு நோய்க்கும் உண்டு. இன்றைய சேலம், நாமக்கல், தருமபுரி மாவட்டங்கள் அப்போது மைசூர் ஆட்சியில் இருந்தன. ஓமலூர், தாரமங்கலம், ஜலகண்டாபுரம் வட்டாரத்துக்கு வடக்கே தொப்பூர்க் கணவாய். மேற்கே காவிரியைத் தாண்டினால் காவேரிபுரம் கணவாய். மேட்டுநிலத்துக்கும் சமவெளிக்கும் இடையே படைகள் ஏறி இறங்கிய வழிகள் இவை.

அந்தக் காலப் படை நகர்வது மாட்டின் காலில்தான். ஒரு சிப்பாய்க்கு நாளைக்கு ஒரு சேர் அரிசி படி. ஒரு பொதிமாடு சுமப்பது ஏறக்குறைய நூறு பேருக்கு ஒரு நாள் சோறு. இருபதாயிரம் வீரர் கொண்ட படைக்கு நாள் ஒன்றுக்கு இருநூறு பொதி வேண்டும். அதோடு முடிந்ததா? மாட்டுக்காரர், சமையல்காரர், கடைக்காரர், குதிரைக்குப் புல் வெட்டுபவர், வீரர்களின் குடும்பங்கள் என்று ஒரு சிப்பாயின் பின்னால் மூன்று நான்கு பேர் நடந்தார்கள். அவர்களுக்கும் வயிறு உண்டு. படிக்கணக்கில்தான் அவர்கள் பெயர் இராது. படி குறைந்தால் முதலில் விழுந்தவர்கள் அவர்கள்தாம்.

ஹைதர் அலி இதை நன்கு அறிந்தவர். 1780 ஜூலையில் கர்நாடகத்துச் சமவெளிக்குள் இறங்கியதும் சென்னையையும் வேலூரையும் சுற்றிய ஊர்களை எரித்து, விளைச்சலையும் கால்நடையையும் எதிரிக்குக் கிடைக்காதபடி செய்தார். எதிர்க்க வந்த தளபதி அயர் கூட் கடல்வழி வரும் அரிசியை நம்பியே கடற்கரையை ஒட்டி நகர வேண்டியிருந்தது. 1781 பிப்ரவரியில் கடலூர் அருகே அவருடைய படை கையில் அரிசியின்றி நின்றபோது, பிரெஞ்சுக் கப்பற்படை கடலை அடைத்து நின்றது. இன்னும் சில நாள் அது நின்றிருந்தால் தென்னிந்திய வரலாறே வேறு திசையில் போயிருக்கும். அதன் தளபதி தோர்வ் என்ன நினைத்தாரோ, பாய்விரித்துப் போய்விட்டார். மறுவருடம் அக்டோபரில் அடித்த புயலில் சென்னைத் துறையில் நின்ற அரிசிக் கப்பல்கள் மூழ்கின. ஊர் பஞ்சத்தில் விழுந்தது. அப்போது தொடங்கிய மணியக்காரர் சத்திரத்துக் கஞ்சி ஊற்றலிலிருந்து வந்ததுதான், ஸ்டான்லி மருத்துவமனையை வடசென்னை மக்கள் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்று அழைத்த பெயர்.

பசியும் நோயும் ஒரு படையெடுப்பையே கவிழ்த்தது 1791இல். மார்ச் மாதம் பெங்களூரைப் பிடித்த கம்பெனிப் படைத்தலைவர் கார்ன்வாலிஸ், மே 15 அன்று அரிக்கரையில் திப்புவை வென்று அவருடைய தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணத்தை நெருங்கினார். கோட்டை கண்ணுக்குத் தெரிந்தது, சோறு தெரியவில்லை. வழியிலிருந்த ஊர்களைத் திப்பு முன்பே காலி செய்திருந்தார். பருவமழை முந்திக்கொண்டது. மாடுகள் நோய் கண்டு கூட்டங்கூட்டமாகச் செத்தன. பாசறையில் பெரியம்மை பரவியது. பீரங்கிகளைச் சிப்பாய்களே தோள்கொடுத்து இழுத்தார்கள். பசி பொறுக்காமல் செத்த மாட்டின் இறைச்சியைத் தின்றவர்களும் உண்டு. மே 22 அன்று, மாதக்கணக்கில் இழுத்து வந்த முற்றுகைப் பீரங்கிகளைத் தாங்களே வெடிவைத்து உடைத்துவிட்டு, நான்கு நாளில் பின்வாங்கத் தொடங்கினார்கள். களத்தில் வென்ற படை அது.

அந்தப் பின்வாங்கலில் ஒரு குதிரைப்படை எதிரே வந்தது. திப்புவின் ஆட்கள் என்று எண்ணிப் படை அணிவகுத்தது. வந்தவர்களோ கூட்டாளிகளான மராட்டியர்கள். அவர்கள் பாசறைக் கடைத்தெருவில் காஷ்மீர் சால்வை முதல் இங்கிலாந்துப் பேனாக்கத்தி வரை எல்லாம் விற்பனைக்கு இருந்தது. தானியமும் இருந்தது, யானை விலையில்.

கார்ன்வாலிஸ் அதன்பின் முதலில் தேடியது தானியத்தைத்தான். கேப்டன் அலெக்சாண்டர் ரீட் என்பவர் பொதிமாட்டில் தானியம் விற்கும் லம்பாடிகளின் தலைவர்களோடு பேசி, ஆயிரக்கணக்கான பொதிமாடுகளில் தானியம் வர ஏற்பாடு செய்தார். லம்பாடிகள் காசு கொடுக்கும் எந்தப் படைக்கும் விற்பார்கள். அவர்களுடைய மாடுகள் போகும் வழியிலேயே மேய்வதால் தீவனம் சுமக்க வேண்டியதில்லை. கம்பெனி மாடுகளால் முடியாதது அது. அடுத்த ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டணம் முற்றுகையிடப்பட்டு, 1792 மார்ச் உடன்படிக்கையில் தருமபுரிப் பக்கத்துப் பாரமகாலும் சேலமும் கம்பெனிக்கு வந்தன. அவற்றை நிர்வகிக்க நியமிக்கப்பட்டவர் அதே ரீட். சேலத்து ரயத்துவாரி வரிமுறையின் தொடக்கம் என்று பாடநூல்கள் சொல்லும் மனிதர், அதற்கு முன் ஒரு படைக்கு அரிசி சேர்த்தவர்.

1799இல் கதை திரும்பவும் அதே இடத்துக்கு வந்தது. ஏப்ரல் 16 அன்று, ஸ்ரீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட வந்த ஜெனரல் ஹாரிஸ் மூட்டைகளை அளந்து பார்த்தபோது, அரைப்படி வீதம் கொடுத்தாலும் பதினெட்டு நாளுக்கான அரிசியே இருந்தது. மீதி வழியில் தொலைந்தும் திருடுபோயும் இருந்தது. ரீட் இந்தச் சமவெளிப் பக்கம் திரட்டிய தானியத்தோடு காவேரிபுரம் கணவாயில் ஏறிக்கொண்டிருந்தார். பொதிமாட்டுக் கூட்டம் அந்தக் குறுகலான வழியைக் கடக்கவே நாள்கள் பிடித்தன. மே 4 அன்று கோட்டை விழுந்து, திப்பு இறந்த பிறகுதான் தானியம் போய்ச் சேர்ந்தது. ஹாரிஸின் அவசரத்துக்கு அரிசிக் கணக்கும் ஒரு காரணம் என்று கொள்வதே பொருத்தம்.

ஆனாலும் கம்பெனி பாடம் படிக்கவில்லை. பர்மாவோடு போர் மூண்டபோது, 1824 மே மாதம், மழை தொடங்கும் நேரம் பார்த்து ரங்கூனில் படையை இறக்கினார்கள். பெரும்பகுதி சென்னைப் படை. ஊர்மக்கள் அரிசியையும் மாடுகளையும் எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். உப்புக்கண்டமும் பிஸ்கட்டும் தின்று, காய்ச்சலிலும் சீதபேதியிலும் ஸ்கர்வியிலும் படை கரைந்தது. அந்தப் போரில் கம்பெனி இழந்த ஏறக்குறைய 15,000 பேரில் பெரும்பாலோர் நோயில் மாண்டவர்கள். முப்பது ஆண்டு கழித்துக் கிரிமியப் போரிலும் அப்படித்தான்: அங்கே இறந்த பிரிட்டிஷ் வீரர்களில் நான்கில் மூன்று பங்கினர் நோய்க்கு இரையானவர்கள்.

ரங்கூனுக்கு ஆளும் அரிசியும் அனுப்பியவர் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ. மைசூர்ப் போர்களில் இளம் அதிகாரியாக இருந்தவர். பின்னர் ரீட்டின் கீழ்ப் பாரமகாலில் ஏழாண்டு வேலை பார்த்தவர். போர்க்களங்களில் தப்பிய மன்றோ 1827 ஜூலை 6 அன்று பத்திகொண்டாவில் காலராவில் இறந்தார்.