வீட்டுக் கூடத்தில் எழுந்த இளம் இமாம்கள்

2020 மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழகமெங்கும் 144 தடையுத்தரவு அமலுக்கு வந்தது. இராணிப்பேட்டை முதல் ஆம்பூர் வரை தோல் தொழிற்சாலைகள் நின்றன. காவேரிப்பாக்கமும் வீட்டுக்குள் முடங்கியது. மார்ச் 27இல் தொடங்கவிருந்த பத்தாம் வகுப்புத் தேர்வு ஜூன் 1, பிறகு ஜூன் 15 எனத் தள்ளிப்போய், ஜூன் 9இல் ரத்தாயிற்று. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அந்தக் காத்திருப்பு எத்துணைக் கொடிது என்பதைப் பெரியவர்களாகிய நாம் போதிய அளவு உணரவில்லை.

அம்வாஸ் கொள்ளைநோய்க் காலத்தில் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் எல்லையிலுள்ள ஸர்கு என்னுமிடத்திலிருந்தே திரும்பிய வரலாற்றை அந்நாளில் பிள்ளைகளுக்குப் பலரும் எடுத்துரைத்தனர். நோயுள்ள ஊருக்குள் செல்லவும், அங்கிருந்து வெளியேறவும் வேண்டாம் என்னும் நபிமொழி, அடைபட்டிருத்தலுக்கு ஒரு பொருளைத் தந்தது. ஆயினும் அறிவுரையைவிடப் பொறுப்பே அவர்களை நிமிர்த்தியது.

ஏப்ரல் 25இல் முதல் நோன்பு. பள்ளிவாசல்களில் தராவீஹ் ஜமாஅத் இல்லை. குர்ஆனை மனனம் செய்த பிள்ளைகள் வீட்டுக் கூடத்தில் முன்னின்று தொழவைத்தனர். மனனம் நிறைவுறாதோர் தெரிந்த சிறு சூராக்களை ஓதினர். (தவறும்போது திருத்துவதற்குத் தாய்மார்கள் பின்வரிசையில் இருந்தனர்!) மகனுக்குப் பின்னே தந்தை கைகட்டி நின்றார். மே 25 பெருநாள் தொழுகையும் அதே கூடத்தில், அதே பிள்ளையின் பின்னால்தான் நிறைவேறியது.