கொதிகலங் காப்போர் வரலாறு

நெருப்பும் நீரும் ஒன்றற்கொன்று பகை என்பது நம்மனோர் வழக்கு. அவ்விரண்டையும் ஓர் இரும்புத் தகட்டின் இருபுறத்தும் நிறுத்தி வேலை வாங்குவதே நீராவிப் பொறியியலாரது தொழில். ஆலைகளின் உருளைகள் சுழன்றதும், குளிர்நாட்டுக் கட்டடங்களில் அறைதோறும் வெப்பம் பரவியதும் இவருழைப்பினாலேயாம். ஆயினும் கலம் வெடித்த நாளன்றுதான் உலகம் இவரை நினைக்கின்றது. அதுவும் பெரும்பாலும் பழித்தற்பொருட்டே. அப்பழி எத்துணை நேரியது என்பதை இரண்டு நிகழ்ச்சிகள்கொண்டு ஆராய்வாம்.

முதலாவது 1803-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் கிரீனிச் என்னுமிடத்து நிகழ்ந்தது. மிக்க அழுத்தமுடைய நீராவியை ஜேம்ஸ் வாட் அஞ்சி ஒதுக்கினார். கார்ன்வால் நாட்டு ரிச்சர்டு டிரெவிதிக் அதனைத் துணிந்து கையாண்டார். அவர் அமைத்த பொறியொன்றைக் காக்க அமர்த்தப்பெற்ற சிறுவன் விலாங்கு மீன் பிடிக்கச் சென்றுவிட்டான். வேறொரு தொழிலாளி பொறியை நிறுத்தினான். ஆனால் நீராவி வெளியேறும் வழியைத் திறந்தானல்லன். கலம் வெடித்துச் சிலர் மாண்டனர். டிரெவிதிக் அதன்பின் கலத்தின் அமைப்பையே திருத்தினார். நெருப்பறையின் மேற்றகட்டில் ஈயத்தக்கையொன்று பதித்தார். நீர் குறைந்து தகடு காயுமாயின் ஈயம் உருகி, நீராவி நெருப்பின்மீது பாயும். காவலன் அயர்ந்தாலும் கலம் தன்னைத்தானே காத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் கருத்துப் போலும்!

நிற்க. இரண்டாவது நிகழ்ச்சி இதனினும் கொடியது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாகாணத்துப் பிராக்டன் நகரில் குரோவர் என்பாரது பாதரட்சை ஆலை நான்கு நிலை மரக்கட்டடத்தில் இருந்தது. 1905 மார்ச்சு 20, திங்கட்கிழமை காலை. புதிய கொதிகலன் துப்புரவின்பொருட்டு நிறுத்தப்பட்டிருந்தமையால், பழைய கலத்திற்கு நெருப்பிட்டிருந்தனர். வேலையாட்கள் வந்தமர்ந்து சிறிது பொழுதிற்குள் அது வெடித்து, மேனிலைகளைப் பிளந்துகொண்டு கூரைக்கு மேலெழுந்தது. கட்டடம் சரிந்து தீப்பற்றியது. 58 பேர் மாண்டனர். கலத்தைக் காத்த பொறியியலாளரும் அவருள் ஒருவர்.

இங்கே சிறுவனுமில்லை, விலாங்குமில்லை. பின் குற்றம் யாண்டையது? அக்காலத்துக் கலங்கள் பல, ஒரு தகட்டின் விளிம்பை மற்றொன்றின் விளிம்பின்மேல் ஏற்றித் தறையாணியால் இறுக்கப்பட்டவை. அவ்வாறு ஏற்றிய இடத்தில் கலம் முழு வட்டமாகாது. அழுத்தம் ஏறும்போதெல்லாம் வட்டமாக முயன்று வளையும், தணியும்போது மீளும். கம்பியை இப்படியும் அப்படியும் பலகால் வளைத்து ஒடிப்பது நாம் அறிந்ததன்றோ? அதுபோலத் தகட்டிலும் விரிசல் விழும். அவ்விரிசல் இரு தகடுகளுக்கும் இடையே மறைந்து கிடத்தலின் எத்துணைக் கூரிய கண்ணுக்கும் எட்டாது. கலம் பிளந்த கணமே, அதனுட் கொதித்து அடங்கியிருந்த நீர் ஆவியாகப் பொங்குகின்றது. ஒருபடி நீர் ஆவியாயின் ஏறக்குறைய 1,600 படி இடங்கொள்ளும். இதனை எண்ணாது காவலனை வைவது, சுவர் இடிந்ததற்குத் திண்ணையிலிருந்தவனை வைவதாம்.

மாசசூசெட்ஸ் அரசு 1907-இல் கொதிகலன் விதிகளை வகுக்கக் கழகமொன்றை நிறுவியது. மாகாணந்தோறும் விதி வேறுபட்டால் கலஞ்செய்வோர் என் செய்வர்? ஆகவே அமெரிக்க யந்திரப் பொறியியலார் சங்கம் 1911-இல் ஒரு குழுவை அமைத்தது. 1914-ஆம் ஆண்டுப் பதிப்பாகப் பொதுவிதி நூலொன்று வெளிவந்தது. தகட்டின் தன்மை, கனம், இணைப்பின் வகை அனைத்திற்கும் அதில் அளவு கூறப்பட்டது. விளிம்புகளை எதிரெதிரே பொருத்தி இருபுறமும் பட்டை வைத்து இறுக்கும் முறையில் கலம் வட்டங்கெடாது. அம்முறை உயர்ந்ததென்று மதிக்கப்பட்டது.

நம் நாட்டிலும் 1923-இல் இந்தியக் கொதிகலன் சட்டம் இயற்றப்பட்டது. பதிவும் சோதனைச் சான்றும் இல்லாத கலத்திற்கு நெருப்பிடலாகாது என்றது அச்சட்டம். அரிசி ஆலையிலோ நூற்பாலையிலோ இத்தொழிற்கு அமரும் நம் பிள்ளைகள், சம்பளத்தைக் கேட்குமுன் அச்சான்றின் நாளைக் கேட்பாராக. 100 ஆண்டுகளுக்கு மேல் நின்ற அச்சட்டத்தினிடத்தில் 2025-இல் புதிய கொதிகலன் சட்டம் வந்துள்ளது. சான்றில்லாக் கலத்திற்கு நெருப்பிடல் அதன்கண்ணும் குற்றமே.