வசிப்பது ரெந்தமில்

பழைய மரச் சீவுளி ஒன்று கைக்குக் கிடைத்தால் முதலில் அதன் முன்பக்கத்தைப் பாருங்கோ. செய்தவர் தன் பெயரை அங்கேதான் அச்சாகக் குத்தியிருப்பார். 18ஆம் நூற்றாண்டு அமெரிக்கத் தச்சுக் கருவிகளின் பரம்பரையைத் தேடுகிறவர்கள் பலர் தொடங்குவதும் அந்த இடத்தில்தான்.

மசாசூசெட்ஸ் காலனியில் ரெந்தம் என்றொரு சிற்றூர். அங்கிருந்து வந்த சீவுளிகளில் ஒரே மாதிரியான இரண்டு அச்சுகள் இருக்கின்றன. ஒன்று, 'எஃப். நிக்கல்சன், வசிப்பது ரெந்தமில்'. மற்றது, 'சீ. செலோர், வசிப்பது ரெந்தமில்'. பார்த்தால் அயலவர்கள் எண்டுதான் நினைப்போம். முதலாமவர் எஜமான், இரண்டாமவர் அவருடைய அடிமை.

பிரான்சிஸ் நிக்கல்சன் (1683–1753), ஆவணங்களில் அறியப்படுகிற மிகப் பழைய அமெரிக்கச் சீவுளி தயாரிப்பாளராகக் கருதப்படுபவர். அந்தக் காலத்தில் இது நல்ல தொழில். விளிம்பு வேலைப்பாட்டில் ஒவ்வொரு வடிவத்துக்கும் தனித்தனிச் சீவுளி வேணும், ஆகவே ஒரு தச்சரின் பெட்டியில் டசின் கணக்கில் கிடக்கும். சுவர் உச்சியில் ஓடுகிற அகலமான கார்னிஸ் சீவுவது இன்னும் பாடு. தச்சர் பின்னாலிருந்து தள்ள, உதவியாள் முன்னால் கயிறு கட்டி இழுக்க வேணும்.

நிக்கல்சன் குடும்பத்தைத் தேடுவது பெரிய கஷ்டமில்லை. மகன் ஜோனும் அதே தொழில்தான். அவருடைய அச்சில் 'ஐ. நிக்கல்சன்' என்று இருக்கும். அந்தக் கால அச்சில் ஜே எழுத்துக்கும் ஐ எழுத்தைத்தான் போடுவார்கள், அது தெரியாவிட்டால் இல்லாத ஒரு சகோதரனைத் தேடி அலைய வேண்டியதுதான். பிறகு அச்சில் ஊர் கம்பர்லாண்ட் ஆகிறது. மகன் இடம் மாறிய கதையை மரமே சொல்லிவிடுகிறது.

சீசர் செலோருக்கு இப்படி ஒரு தகப்பன் வழி கிடையாது. சீசர், பொம்பே, கேட்டோ என்று ரோமப் பெரியவர்களின் பெயரை அடிமைகளுக்கு வைப்பது எஜமான்களின் வழக்கம். விற்கலாம், அடிக்கலாம், பெயர் மட்டும் பேரரசனுடையது! ஆனாலும் தடயங்கள் உண்டு. 1741இல் ரெந்தம் தேவாலயத்தில் அவர் சேர்க்கப்படுகிறார். 1753இல் நிக்கல்சனின் மரண சாசனம் அவரை விடுதலை செய்கிறது. கூடவே கட்டில், படுக்கை, பெட்டி, உடுப்பு, வேலை மேசை, அதற்குரிய கருவிகள், உளிகள், ஒரு அரிவாள், 10 ஏக்கர் நிலம்.

இந்தப் பட்டியலை அவசரமாகக் கடந்து போகாதீங்கோ. கட்டிலையும் உடுப்பையும் அந்தச் சாசனம் 'அவனுடைய' என்றே குறிப்பிடுகிறது, பிறகு அவற்றை அவனுக்கே வழங்குகிறது. தான் படுத்த கட்டிலும் சட்டப்படி எஜமானுடையதாக இருந்த மனிதர் அவர். அன்பு எண்டு மட்டும் இதை வாசிக்க என்னால ஏலாது. மசாசூசெட்ஸில் 1703 முதல் இன்னொரு சட்டமும் இருந்தது: அடிமையை விடுவிப்பவர் 50 பவுண் பிணை கட்ட வேணும், விடுபட்டவர் ஊருக்குச் சுமையாகிவிடக் கூடாதாம். பத்து ஏக்கர் காணியும் கருவிகளும் கையில் உள்ளவர் யாருக்கும் சுமையாகப் போவதில்லைதானே.

அதன் பிறகுதான் செலோரின் சொந்தப் பெயர் மரத்தில் வருகிறது. 1758இல் ஜூடித் ரஸ்ஸலைத் திருமணம் செய்கிறார், எட்டுப் பிள்ளைகள். தன் வழித்தோன்றல்களுக்கு இப்படி எழுத்தில் ஒரு தொடக்கப் புள்ளியாக அவரே ஆகிறார். 1783இல் குவாக் வாக்கர் என்ற கறுப்பின மனிதரின் வழக்கில், அடிமை முறை மாநில அரசியலமைப்புக்கு முரணானது என்று மசாசூசெட்ஸ் தலைமை நீதிபதி சொன்னார். அடுத்த வருடம், 1784இல், செலோர் காலமானார்.

ஆனால் எனக்கு உறுத்துவது 1753க்கு முந்திய சீவுளிகள். மஞ்சள் பிர்ச் மரம், சுமார் 10 அங்குல நீளம், தட்டையாகச் சீவிய விளிம்புகள். செலோர் பிறகு தன் பெயரில் செய்தவையும் கிட்டத்தட்ட இதே வார்ப்புத்தான். அவற்றில் எத்தனையோ அவர் கையால் செய்து எஜமானின் அச்சு வாங்கியவையாகத்தான் இருக்க வேணும். சேகரிப்பாளர்கள் இன்னும் அவற்றை 'நிக்கல்சன்' என்றே விற்கிறார்கள், வாங்குகிறார்கள். 'நிக்கல்சன் பட்டறை' என்று எழுதினாலாவது கொஞ்சம் நேர்மையாக இருக்கும்.