ஆதாரில் சொந்த ஊர், தங்கியிருப்பது பி.ஜி-யில்... லைப்ரரி கார்டு கிடைக்குமா?

வேலை சென்னையில். தங்கியிருப்பது வேளச்சேரியில் ஒரு பி.ஜி. ஆதார் அட்டையில் இருப்பதோ தென்காசிப் பக்கம் ஒரு கிராமத்து முகவரி. ஞாயிற்றுக்கிழமை காலை சும்மா தெருமுனை நூலகத்துக்குள் நுழைகிறீர்கள். ரொம்ப நாளாகத் தேடிய நாவல் அலமாரியில் இருக்கிறது. ``இதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாமா சார்?'' என்று கேட்டால், ``மெம்பரா நீங்க? அட்ரஸ் ப்ரூஃப் இருக்கா?'' என்று பதில் வருகிறது.

பலருக்கு அந்த இடத்திலேயே ஆர்வம் வடிந்துவிடும். `நாமதான் இந்த ஊர்க்காரங்க இல்லையே' என்று புத்தகத்தை வைத்துவிட்டுத் திரும்பிவிடுவோம். ஆனால், அந்தக் கேள்விக்கு `இல்லை' என்பது மட்டுமே பதில் கிடையாது. அவர் எதற்காகக் கேட்கிறார் என்று புரிந்துவிட்டால், எதைக் காட்டலாம் என்பதும் புரிந்துவிடும்.

முதலில் ஒரு விஷயம்... படிக்க கார்டு வேண்டாம்!

பொது நூலகத்துக்குள் போய் உட்கார்ந்து பேப்பர், பத்திரிகை, புத்தகம் படிக்க யாரும் உறுப்பினராக வேண்டியதில்லை. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகங்களைக் கொண்டுவந்து படிப்பதற்கே தனிப் பிரிவு இருக்கிறது. போட்டித் தேர்வுக்குத் தயாராகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். கார்டு தேவைப்படுவது புத்தகத்தை வெளியே எடுத்துச் செல்லும்போதுதான்.

முகவரி ஏன் கேட்கிறார்கள்?

இரண்டு காரணங்கள். ஒன்று, எடுத்த புத்தகம் திரும்பி வர வேண்டும். வராவிட்டால் யாருக்கு, எந்த முகவரிக்குக் கடிதம் போடுவது என்று நூலகருக்குத் தெரிய வேண்டும். கார்டு வாங்கும்போது காப்புத்தொகை கட்டச் சொல்வதும் இதனால்தான். உறுப்பினர் கணக்கை முடிக்கும்போது அது உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும் பணம். அதனால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். வருட சந்தா தனி. இரண்டையும் சேர்த்தாலும் ஒரு சினிமா டிக்கெட் செலவுகூட வராது.

இரண்டாவது காரணம்தான் சுவாரஸ்யமானது. நூலகம் யாருடைய பணத்தில் நடக்கிறது? சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் 1948-ல் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் இது. இதற்குப் பின்னால் நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதனின் பல வருட உழைப்பு இருக்கிறது. சொத்து வரியுடன் சேர்த்து `நூலக வரி' வசூலிக்க வழி செய்தது இந்தச் சட்டம்தான். இன்று தமிழ்நாட்டில் சொத்து வரியில் ஒவ்வொரு ரூபாய்க்கும் 10 பைசா நூலகத்துக்குப் போகிறது. வீட்டு வரி ரசீது கையில் கிடைத்தால் பாருங்கள்.

`வரி கட்டுறது ஹவுஸ் ஓனர்தானே, நமக்கென்ன?' என்று தோன்றலாம். அவர் அந்த வரியை எதிலிருந்து கட்டுகிறார்? நீங்கள் ஒன்றாம் தேதி ஜீபே செய்கிற வாடகையும் அதில் இருக்கிறது. ஒரு அறையில் மூன்று பேர் தங்கியிருந்தாலும், அந்தத் தெரு நூலகத்தின் செலவில் மூன்று பேருக்கும் பங்கு உண்டு. ஆக, கார்டு கேட்டுப் போகும்போது தயங்க வேண்டாம், பாஸ். நீங்கள் கேட்பது சலுகை இல்லை.

சரி, எதைக் கொண்டுபோவது?

வழக்கமான பட்டியல் சிம்பிள்: பூர்த்தி செய்த விண்ணப்பம், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, ஆதார் போன்ற அடையாள அட்டையின் நகல், காப்புத்தொகை மற்றும் சந்தா. ஆதாரில் உள்ளூர் முகவரி இருந்தால் ஒரே நகல் இரண்டு வேலையையும் செய்துவிடும். சிக்கல், முகவரி வேறு ஊராக இருக்கும்போதுதான். அப்போது `நான் யார்' என்பதற்கு ஒரு ஆவணம், `இப்போ எங்கே இருக்கேன்' என்பதற்கு இன்னொரு ஆவணம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

* வாடகை வீடு என்றால்: வாடகை ஒப்பந்தம். ஒப்பந்தம் ரூம்மேட் பெயரில் இருந்தால், உங்கள் பெயரில் வரும் கேஸ் பில் அல்லது தற்போதைய முகவரி உள்ள வங்கி பாஸ்புக்.

* ஹாஸ்டல், பி.ஜி என்றால்: வார்டனிடமோ, நடத்துபவரிடமோ நீங்கள் அங்கே தங்கியிருப்பதாக முகவரியுடன் ஒரு கடிதம்.

* மாணவர் என்றால்: கல்லூரி அடையாள அட்டையுடன் போனஃபைட் சர்ட்டிஃபிகேட்.

* வேலையில் இருப்பவர் என்றால்: அலுவலக அடையாள அட்டை, ஹெச்.ஆரிடம் வாங்கிய கடிதம்.

* 18 வயதுக்குக் கீழே என்றால்: அப்பா, அம்மா அல்லது பாதுகாவலரை அழைத்துக்கொண்டு போங்கள். கையெழுத்து அவர்களுடையது, கார்டு உங்களுடையது.

இதில் எது செல்லும் என்பது நூலகத்துக்கு நூலகம் மாறும். உள்ளூரில் தெரிந்த ஒருவர் பரிந்துரைக் கையெழுத்து போட வேண்டும் என்று கேட்கும் இடங்களும் உண்டு. அதனால் முதல் முறை போகும்போதே எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு அலைய வேண்டாம். விண்ணப்பத்தை வாங்கி, ``என் ஆதார்ல ஊர் அட்ரஸ்தான் இருக்கு, இங்கே ஹாஸ்டல்ல இருக்கேன். எதைக் காட்டினா ஏத்துக்குவீங்க?'' என்று நேராகக் கேட்டுவிடுங்கள். `ப்ரூஃப் இல்லை' என்று சொல்வதைவிட, `இதெல்லாம் இருக்கு, எது ஓகே?' என்று கேட்டால் பதில் சுலபமாகக் கிடைக்கும். ஒரு டிப்ஸ்: கிளை நூலகங்களுக்குப் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை விடுமுறை. ஞாயிறு திறந்திருக்கும்.

ஆதார் நகல் கொடுக்கப் பயமா?

நியாயமான பயம்தான். ஆதார் இணையதளத்திலேயே 12 எண்களில் கடைசி நான்கு மட்டும் தெரிகிற `மாஸ்க்டு ஆதார்' டவுன்லோடு செய்யலாம். `இது போதுமா?' என்று முதலில் கேட்டுப் பாருங்கள். எந்த நகலைக் கொடுத்தாலும், `நூலக உறுப்பினர் பதிவுக்கு மட்டும்' என்று தேதியுடன் அதன் மேல் எழுதிக் கொடுப்பது நல்ல பழக்கம்.

வெளிநாட்டில் என்ன விதி?

படிக்கவோ, வேலைக்கோ விமானம் ஏறுகிறவர்களுக்கு இது நிச்சயம் பயன்படும். இங்கிலாந்தில் பொது நூலகங்களை நடத்துவது உள்ளாட்சி கவுன்சில்கள். 1964-ம் ஆண்டுச் சட்டப்படி அந்தப் பகுதியில் வசிப்பவர்களுக்கு மட்டுமல்ல, அங்கே வேலை செய்பவர்களுக்கும், முழுநேரமாகப் படிப்பவர்களுக்கும் புத்தகம் இரவல் கொடுக்க வேண்டியது கவுன்சிலின் கடமை. ஆக, ஈஸ்ட் ஹாமில் அறை, வேறு பகுதியில் கல்லூரி என்றால் இரண்டு இடத்திலும் நீங்கள் கார்டு கேட்கலாம்.

நியூயார்க் பொது நூலகமும் இதே மாதிரிதான். நியூயார்க் மாநிலத்தில் வசித்தாலும், வேலை பார்த்தாலும், படித்தாலும், சொத்து வரி கட்டினாலும் கார்டு உண்டு. அந்த நகரம் 2015-ல் `ஐ.டி.என்.ஒய்.சி' என்ற நகர அடையாள அட்டையைக் கொண்டுவந்தது. குடியுரிமை நிலையைக் கேட்காமல் தரப்படும் அட்டை இது. வீடில்லாமல் காப்பகத்தில் தங்கியிருப்பவர்களும் வாங்கலாம். இதையே அந்த நகரத்தின் மூன்று பொது நூலக அமைப்புகளிலும் லைப்ரரி கார்டாகப் பயன்படுத்தலாம்.

சிங்கப்பூர் வேறு கணக்கு. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உறுப்பினர் கட்டணம் கிடையாது. வேலை அனுமதியிலோ, மாணவர் அனுமதியிலோ இருப்பவர்கள் ஆண்டுக் கட்டணம் கட்டிச் சேரலாம். அங்கே தமிழ்ப் புத்தகங்களுக்கென்றே அலமாரிகள் இருக்கின்றன என்பது கூடுதல் சந்தோஷம்.

மூன்று ஊர்களிலும் ஒன்றைக் கவனித்தீர்களா? `இங்கே பிறந்தவரா?' என்று எங்கேயும் கேட்கவில்லை. `இப்போது இங்கே உங்களுக்கு என்ன தொடர்பு?' என்றுதான் கேட்கிறார்கள்.

கார்டு கைக்கு வரும் வரை...

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களையும் இதழ்களையும் போனிலேயே இலவசமாகப் படிக்கலாம். அதற்கு எந்த அட்ரஸ் ப்ரூஃபும் வேண்டாம். எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்கும் ஒருமுறை போய் வாருங்கள். 1896-ல் திறக்கப்பட்ட அந்த நூலகம், இந்தியாவில் வெளியாகும் நூல்களின் பிரதிகளைப் பெறும் நான்கு நூலகங்களில் ஒன்று.

அறை மாறினால் மறக்காமல் செய்ய வேண்டிய கடைசி வேலை ஒன்று இருக்கிறது. நூலகத்திலும் புது முகவரியைச் சொல்லிவிடுங்கள். ஊரைவிட்டே கிளம்புகிறீர்கள் என்றால், புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்து, கணக்கை முடித்து, காப்புத்தொகையை வாங்கிக்கொள்ளுங்கள். அதே பணத்தை அடுத்த ஊர் நூலகத்தில் கட்டலாம். அங்கேயும் யாரோ ஒருவர், `அட்ரஸ் ப்ரூஃப் இருக்கா?' என்று கேட்பார். இந்த முறை உங்களிடம் பதில் இருக்கும்!