கருஞ்சதுரமாகிய எழுத்துகள்: இணையத் தோற்றச் சோதனையின் வரலாறு குறித்து

இணையப் பக்கத்தின் தோற்றம் சரியாக அமைந்துள்ளதா என்பதைக் கணினியைக் கொண்டே சோதிக்கும் முறை எவ்வாறு உருவாயிற்று, அதில் தமிழ் எழுத்துக்கு இருந்த இடம் யாது என்பது குறித்துச் சில செய்திகள்.

1998இல் டாட் ஃபார்னர் உருவாக்கிய முதல் ஆசிட் சோதனையில், உலாவி வரைந்த பக்கத்தையும் மாதிரிப் படத்தையும் மனிதக் கண்ணே ஒப்பிட்டது. சோதனைகளுக்கென ஆக்கப்பட்ட அஹெம் எழுத்துருவும் அவருடையதே. அதில் பெரும்பாலான எழுத்துகள் ஒரே அளவுள்ள கருஞ்சதுரங்கள். எழுத்தின் வடிவம் அளவீட்டைக் குழப்பலாகாது என்பது நோக்கம். கூர்மையான தீர்வுதான். ஆயினும், தளவமைப்பு என்பது பெட்டிகளின் சிக்கல், எழுத்து அதற்குப் புறம்பானது என்னும் எண்ணம் அத்துடன் வேரூன்றியது என்றே கருதுகிறேன்.

2004இல் சிகாகோவில், தாட்வொர்க்ஸ் நிறுவனத்தில் ஜேசன் ஹக்கின்ஸ் செலினியத்தை உருவாக்கினார். உலாவியை நிரல்வழி இயக்கும் கருவி அது. மென்பொருட் சோதனையைப் பெருந்தொழிலாகக் கொண்ட பெங்களூருவில் 2014, 2016, 2018 ஆகிய ஆண்டுகளில் செலினியம் மாநாடு கூடியது. 2018 ஜூன் மாதம் வெப்டிரைவர் உலகளாவிய வலைத் தரமாயிற்று. திரையைப் படம்பிடிக்கும் கட்டளையும் அத்தரத்தில் உண்டு. பக்கத்தைத் திறந்து, படம்பிடித்து, முன்பு ஏற்கப்பட்ட படத்தோடு புள்ளி புள்ளியாக ஒப்பிடுவது இன்று வழக்கமான பணி.

ஆனால் இம்முறை சோதிப்பது ஒப்புமையை மட்டுமே. தமிழ் எழுத்துரு நிறுவப்படாத லினக்ஸ் வழங்கியில் படம் பிடித்தால், எழுத்துகளுக்கு மாற்றாக வெற்றுக் கட்டங்களே பதிவாகும். ஏற்பவர் தமிழோ கன்னடமோ அறியாதவராயின் அக்கட்டங்களே அளவுகோல் ஆகிவிடும். பின்னர் ஒவ்வொரு நாளும் சோதனை வெற்றி பெறும். விந்தை என்னவெனில், எழுத்துரு நிறுவப்பட்டுத் தமிழ் செம்மையாகத் தெரியும் நாளில்தான் அது தோல்வியைக் காட்டும்!

உரையை மட்டும் ஒப்பிடுவதும் உதவாது. 'கொ' என்பதில் மெய்க்குப் பின்னரே உயிர்க்குறி சேமிக்கப்படுகிறது. திரையிலோ கொம்பு முன்னே நிற்கிறது. குறியீட்டு வரிசை பிழையின்றி இருக்க, தோற்றம் மட்டும் சிதையலாம்.

மொசில்லா 2006 முதல் கையாண்ட 'ரெஃப்டெஸ்ட்' முறை இங்கு கவனத்திற்குரியது. பழைய படத்தை நம்பாமல், வெவ்வேறு வகையில் எழுதிய இரு பக்கங்களை அப்போதே வரைந்து ஒப்பிடுவது அதன் நெறி. தமிழுக்கு இது இயல்பாகவே பொருந்துகிறது. ஒருங்குறியில் 'கொ'வின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் எனப் பிரித்தும் எழுதலாம். இரண்டும் ஒன்றெனத் தோன்ற வேண்டும் என்பது விதி. இரண்டுமே கட்டங்களாகிவிட்டால்? அதற்கும் அம்முறையில் வழியுண்டு: இரு பக்கங்கள் வேறுபட்டே தீர வேண்டும் எனவும் சோதனை எழுதலாம். 'கொ', 'கோ' இரண்டும் ஒரே வெற்றுக் கட்டங்களாய் நின்றால் அச்சோதனை அங்கேயே தோற்கும்; அதைக் கண்டுபிடிக்கத் தமிழ் அறிந்த கண் தேவையில்லை.