கங்கைகொண்டான் மான்களும் கறுப்பு வெள்ளையும்

வேட்டைக்காரன் சுவரில் மாட்டிய பாடம் செய்த தலைக்கும், காட்டுமிருகத்தின் புகைப்படத்துக்கும் என்ன வித்தியாசம்? ஒன்றில் மிருகம் செத்துவிட்டது என்பது மட்டும் போதாது.

ஐக்கிய மாகாணத்து வன அதிகாரி எஃப். டபிள்யூ. சாம்பியன், புலி நடக்கும் தடத்தில் கம்பி கட்டி, அது இடறியதும் காமிரா இயங்கும்படி செய்து இரவில் படமெடுத்தார். அவர் புத்தகம் 1927-ல் வந்தது. உடற்கோடுகளைக் கொண்டு ஒரு புலியை இன்னொன்றிலிருந்து பிரித்தறியலாம் என்பதை அவர் படங்கள் காட்டின. 1990-களில் நாகரஹொளேயில் உல்லாஸ் காரந்த் புலிகளின் எண்ணிக்கையை மதிப்பிட்டது இதே அடிப்படையில்தான். படம் அங்கே அலங்காரம் அல்ல, சாட்சியம்.

தமிழ்நாட்டில் இந்தச் சரித்திரம் மா. கிருஷ்ணனுடையது. 1912-ல் திருநெல்வேலியில் பிறந்தவர். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன். பல பாகங்களைச் சேர்த்துத் தாமே உருவாக்கிக்கொண்ட காமிராவில், கறுப்பு வெள்ளையிலேயே படமெடுத்தார். 1950 முதல் 1996-ல் இறக்கும் வரை 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் எழுதினார். தீபகற்ப இந்தியாவின் பெரிய பாலூட்டிகள் பற்றி 1959 முதல் 1970 வரை அவர் சேகரித்தவற்றை, பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் 1975-ல் நூலாக்கியது. எந்த மிருகம், எந்தக் காட்டில், என்ன நிலையில் என்பதே அவர் அக்கறை. அவருக்குப் படம் என்பது பார்த்ததன் பதிவு, எழுத்தும் அப்படியே.

அவர் பிறந்த ஊருக்கு வடக்கே, மதுரைச் சாலையில், சிற்றாற்றங்கரையில் இருக்கிறது கங்கைகொண்டான். இங்கே சுமார் 288 ஹெக்டேர் 2013-ல் புள்ளிமான் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஒரு பக்கம் சிப்காட் தொழிற்பேட்டை, இன்னொரு பக்கம் நாற்கரச் சாலை. வாகனத்தில் மான்கள் அடிபட்டுச் சாகின்றன.

புள்ளிமான் அருகிவிட்ட இனம் அல்ல. இந்தியாவில் பல காடுகளில் உண்டு. இங்கே ஆபத்தில் இருப்பது மானும் புதர்க்காடும் சேர்ந்த ஓர் இருப்பு. தூரத்து லென்ஸில் முகத்தை மட்டும் பிடித்து, பின்புலத்தை மங்கலாக்கி எடுக்கும் படத்தில் இந்த இருப்பு இல்லை. அந்த மான் கன்ஹாவிலும் இருக்கலாம், கிண்டியிலும் இருக்கலாம். பாடம் செய்த தலையும் இப்படித்தான், ஊரற்றது.

சாலையும் வேலியும் ஆலைக் கூரையும் சட்டத்துக்குள் வரட்டும். அழகு குறையும். ஆனால் நாளை இந்தப் புதர்க்காட்டில் மானே இருந்ததில்லை என்று ஒருவர் சொன்னால், மேஜைமேல் எடுத்து வைக்க அந்தப் படம்தான் உதவும்.